மெல்லிய குரோஷா ஸ்வெட்டர்: கழுத்தில் தொடங்கி, கையை விரும்பிய நீளத்தில் முடிக்க

சென்னை வாசகி ஒருவரின் கேள்வி: "ஆபீஸில் ஏசி குளிர் தாங்க முடியவில்லை. லேசாக ஒரு ஸ்வெட்டர் போடலாம் என்று குரோஷாவில் கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஆரம்பித்தேன். உடம்பும் கையும் சேரும் நான்கு மூலையிலும் இரண்டிரண்டு தையல் கூட்டிக்கொண்டே வந்தேன். மார்புச் சுற்றளவு வந்து சேர்வதற்குள் அக்குள் இடுப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. துணியும் கனமாக, அட்டை மாதிரி நிற்கிறது. எனக்கு முழங்கை வரை கை இருந்தால் போதும். பெங்களூரில் படிக்கும் மகளுக்கு இதையே முழுக்கையாகப் போட வேண்டும். எங்கே தவறு, கணக்கை எப்படி மாற்றுவது?"

அக்குள் இறங்கியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. "மூலைக்கு இரண்டு, சுற்றுக்கு எட்டு" என்ற விதி, இரண்டு ஊசிப் பின்னலிலிருந்து அப்படியே வந்தது. அந்தப் பின்னலில் வரிசைகள் குட்டையானவை. ஒரு இன்ச் ஆழத்துக்குள் ஏழெட்டு வரிசை ஓடிவிடும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் கூட்டினாலே அகலம் வேகமாக வளரும். குரோஷாவில் டபுள் தையல் போட்டால் இரண்டே வரிசையில் ஒரு இன்ச் முடிந்துவிடுகிறது. கூட்டுவதற்கு வாய்ப்பு குறைவு, ஆழமோ மளமளவென்று இறங்குகிறது. அதனால்தான் அக்குள் அவ்வளவு கீழே போனது.

நான் டபுள் என்று சொல்வது அமெரிக்க முறைப் பெயர்: ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு போடும் உயரமான தையல். பிரிட்டிஷ் முறையில் இதையே ட்ரெபிள் என்பார்கள். இங்கே கிடைக்கும் பேட்டர்ன்களில் இரண்டு முறையும் கலந்து கிடக்கின்றன. எதைப் பார்த்துப் போட்டாலும் அது எந்த முறை என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கனத்தை முதலில் தீர்ப்போம், ஏனென்றால் நூலும் ஊசியும் முடிவானால்தான் கணக்கே போட முடியும். நூல் வாங்கும்போது "4 பிளை, 8 பிளை" என்பதை மட்டும் நம்பாதீர்கள். அது எத்தனை இழை முறுக்கியிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். ஒரு கம்பெனியின் 4 பிளை இன்னொன்றின் 4 பிளையைவிடத் தடிமனாக இருக்கலாம். லேபிளில் எடைக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 100 கிராமுக்கு 250 முதல் 350 மீட்டர் ஓடும் நூல் இந்த வேலைக்குச் சரி. 200க்குக் கீழே போனால் குரோஷாவில் தடித்த துணிதான் வரும்.

ஏசி அறைக்கும் வெளியே வெயிலுக்கும் மாறி மாறிப் போகிறவர்களுக்குப் பருத்தி நல்லது, பருத்தியும் மூங்கில் இழையும் கலந்த நூல் இன்னும் நல்லது. அக்ரிலிக் விலை குறைவு, எடையும் குறைவு, ஆனால் பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் முதுகு நனைந்துவிடும். பருத்திக்கும் ஒரு குணம் உண்டு. கம்பளியைப் போல இழுத்தால் திரும்பி வராது; தன் எடையாலேயே நாள்பட நீளும். ஆகவே உடம்பு நீளத்தை ஒரு இன்ச் குறைவாகவே முடியுங்கள். மகளுக்கு பெங்களூர்க் குளிருக்கு மெல்லிய மெரினோ கம்பளி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அப்புறம் ஊசி. லேபிளில் 3.5 மி.மீ. என்று போட்டிருந்தால் 4 அல்லது 4.5 எடுங்கள். உங்கள் துணி அட்டையாக நின்றதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்: நூலுக்குச் சின்ன ஊசி, இறுக்கமான கை. ஆறு இன்ச் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு போட்டு ஆள்காட்டி விரல்மேல் தொங்கவிடுங்கள். இரண்டு பக்கமும் துவண்டு விழ வேண்டும். கூடாரம் மாதிரி விரிந்து நின்றால் ஊசியை அரை மி.மீ. பெரிதாக்கி மறுபடி போடுங்கள். துவண்டு விழுந்தால் அந்தத் துண்டை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, துவைத்து, தரையில் விரித்துக் காயவைத்து, நடுவில் நான்கு இன்ச்சை மட்டும் அளந்து தையலையும் வரிசையையும் எண்ணுங்கள். துவைக்காத துண்டை அளப்பதில் பயனில்லை, அதுவும் பருத்தியில்.

இனி கணக்கு. நான்கு இன்ச்சில் 16 தையல், 8 வரிசை வந்ததாக வைத்துக்கொள்கிறேன். அதாவது இன்ச்சுக்கு 4 தையல், 2 வரிசை. மார்பு 36 இன்ச், தளர்வு 4 சேர்த்து 40. மேல்கை 12, தளர்வு 2 சேர்த்து 14. தோளின் கழுத்தோரத்திலிருந்து அக்குள் வரை ஆழம் எட்டரை. உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றுங்கள், வழி ஒன்றுதான்.

கழுத்திலிருந்து பார்க்காமல், அக்குளில் கை பிரியும் இடத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். மார்புக்கு 160 தையல் வேண்டும். ஒவ்வோர் அக்குளிலும் 8 செயின் (சங்கிலித் தையல்) புதிதாகப் போடுவோம், இரண்டு பக்கமும் சேர்த்து 16. மிச்சம் 144, முன்பக்கம் 72, பின்பக்கம் 72. கைக்கு 14 இன்ச் என்றால் 56 தையல். அதிலும் 8 அக்குள் செயினிலிருந்து வரும், ஆக 48. பிரிக்கும் நேரத்தில் சுற்றில் இருக்க வேண்டியது 72, 48, 72, 48. இதை ஒரு தாளில் எழுதி நூல் பையிலேயே போட்டுவையுங்கள்.

அந்த எட்டு செயினை அலட்சியம் செய்யாதீர்கள். கையைத் தூக்கும்போது ஸ்வெட்டர் முழுவதும் மேலே ஏறாமல் இருப்பது அதனால்தான். செயினே போடாமல் முன்னையும் பின்னையும் நேராக இணைத்தால் அக்குளில் பிடிக்கும். அப்புறம் எந்த மாதிரிக் கை போட்டாலும் சரியாக உட்காராது.

ஆழம் எட்டரை இன்ச் என்றால் 17 சுற்று. சுற்றுக்கு ஒரு பாகத்துக்கு 2 தையல் கூடினால் மொத்தம் 34 கூடும். கைக்கு 14 தையலில் தொடங்கினால் 34 சேர்ந்து சரியாக 48 வந்துவிடும். முன்னும் பின்னும் 28இல் தொடங்கினால் 62தான் வரும், இன்னும் 10 வேண்டும். இந்தப் பத்துக்காகத்தான் நீங்கள் மேலும் ஐந்து சுற்றுப் போட்டு அக்குளைக் கீழே இறக்கிவிட்டீர்கள். அதற்குப் பதிலாக 17 சுற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். 3, 6, 9, 12, 15 என்று வைத்துக்கொள்ளலாம்; இவற்றைச் சிறப்புச் சுற்றுகள் என்போம். அந்தச் சுற்றுகளில் மட்டும் முன், பின் பாகங்களின் ஓரத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு தையல் கூட்டுங்கள். கைப் பக்கம் வழக்கம்போல ஒன்றுதான். ஐந்து சுற்றுக்கு இரண்டிரண்டாக அந்தப் பத்து வந்துவிடும், ஆழமும் எட்டரையில் நிற்கும்.

போடும் விதம் இது. 88 செயின் போட்டு, முறுக்கிக்கொள்ளாமல் வட்டமாக இணையுங்கள்: 28, 14, 28, 14 போக மிச்சம் நான்கும் மூலைகள். மூலைகளில் ஆளுக்கொரு ஊக்கு மாட்டுங்கள். மூலையில் ஒரு டபுள், ஒரு செயின், ஒரு டபுள். மற்ற இடங்களில் தையலுக்கு ஒரு டபுள். முதல் சுற்று முடிந்ததும் 30, 16, 30, 16 இருக்க வேண்டும். அடுத்த சுற்றிலிருந்து மூலையில் இருக்கும் அந்த ஒரு செயின் இடைவெளிக்குள் கூட்டுங்கள். சிறப்புச் சுற்றுகளில் உடம்புப் பக்கம் இரண்டு டபுள், ஒரு செயின், கைப் பக்கம் ஒரு டபுள். சுற்றைத் தொடங்க மூன்று செயின் போட்டு அதை ஒரு தையலாக எண்ணும் வழக்கம் உண்டு. மெல்லிய துணியில் அது ஓட்டை வரிசையாகத் தெரியும். இரண்டு செயின் போட்டு, அதை எண்ணாமல், அதே இடத்தில் முதல் டபுளைப் போடுங்கள்.

ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் சாய்ந்து, இணைப்புக் கோடு முதுகுப் பக்கமிருந்து தோளை நோக்கி நகரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இணைத்துவிட்டுத் துணியைத் திருப்பிப் போட்டால் கோடு நேராக நிற்கும். இதை மேல்பாகத்தில் செய்தால் கையிலும் செய்ய வேண்டும். மேலே திருப்பிப் போட்டுவிட்டுக் கையில் திருப்பாமல் போட்டால் இரண்டும் வேறு வேறு துணி மாதிரி தெரியும்.

ஏழாவது, எட்டாவது சுற்றில் ஊசியைக் கழற்றிவிட்டுத் தலைவழியாகப் போட்டுப் பாருங்கள். கழுத்திலிருந்து தொடங்குவதன் முழு நன்மையும் இதில்தான் இருக்கிறது. மூலைகளில் கூட்டிய கோடு தோளிலிருந்து அக்குளை நோக்கி இறங்க வேண்டும். அது தோளின் நுனியை நோக்கி ஓடினால் கைப்பாகம் குறுகல்.

17 சுற்று முடிந்ததும் கையை உடம்பிலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள். பின்பாகத்தின் 72ஐப் போட்டு, கையின் 48ஐ அப்படியே விட்டு, 8 செயின் போட்டு, முன்பாகத்தின் 72க்குத் தாவி, மறுபக்கமும் அதே மாதிரி. இப்போது உடம்பு 160 தையலில் வட்டமாக நிற்கும். உடம்பில் நாலைந்து சுற்று மட்டும் போட்டுவிட்டுக் கைக்கு வாருங்கள் என்பேன். பேட்டர்ன்கள் உடம்பை முடித்த பிறகுதான் கை என்று சொல்லும். நூல் அளவாக இருக்கும்போது அது ஆபத்து. கை முடிந்துவிட்டால் மிச்சமிருக்கும் நூல் தீரும்வரை உடம்பை இறக்கலாம்.

கைக்கு நூல் எவ்வளவு என்று மாதிரித் துண்டே சொல்லும். ஆறு இன்ச் சதுரம் 11 கிராம் இருந்தால் சதுர இன்ச்சுக்குச் சுமார் 0.3 கிராம். மணிக்கட்டு வரை 17 இன்ச், சராசரி அகலம் பதினொன்றரை என்றால் இரண்டு முழுக்கைக்கும் ஏறத்தாழ 120 கிராம். உங்கள் முழங்கைக் கைக்கு அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. உடம்பையும் இப்படியே கணக்கிட்டு, ஒரு கண்டு கூடுதலாக, எல்லாம் ஒரே சாய எண்ணில் வாங்குங்கள்.

கையைத் தொடங்கும்போது அக்குள் செயினின் அடிப்பக்கம் 8 தையல் எடுத்து, விட்டுவைத்த 48ஐயும் போட்டால் 56. செயின் முடிந்து கைத் தையல் தொடங்கும் இரண்டு முனைகளிலும் ஒரு ஓட்டை விழும். செயினின் கடைசித் தையலையும், பக்கத்தில் இருக்கும் டபுளின் காலையும் சேர்த்து ஒரே தையலாக இழுத்துவிடுங்கள். அடுத்த சுற்றில் எண்ணிப் பார்த்து, குறைந்திருந்தால் அக்குளுக்கு அடியில் ஒன்றிரண்டு கூட்டி 56க்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். கையின் சின்ன வட்டத்தில் எல்லோருக்கும் பிடி இறுகும். இரண்டு இன்ச் போட்டதும் அளந்து, இன்ச்சுக்கு நாலரைத் தையல் வந்தால் ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

முழுக்கைக்கு: மணிக்கட்டு 9 இன்ச், 36 தையல். 56இலிருந்து 20 குறைய வேண்டும். அக்குளின் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒன்று ஒன்றாகக் குறைத்தால் பத்து குறைப்புச் சுற்று. 17 இன்ச் நீளத்தில் பட்டிக்கு 2 போக 15, அதாவது 30 சுற்று. எனவே மூன்று சுற்றுக்கு ஒருமுறை குறைத்தால் சரியாக முடியும்.

உங்கள் முழங்கைக் கைக்குத் தனிக் கணக்கு வேண்டியதில்லை. அதே மூன்றுக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்து, 14 சுற்றில் நிறுத்துங்கள். நான்கு முறை குறைத்து 48 தையல், 12 இன்ச் இருக்கும். கீழே ஒரு இன்ச் பட்டி. முக்கால் கை வேண்டுமென்றால் 22 சுற்று, 42 தையல். குட்டைக் கைக்கு இரண்டு, மூன்று சுற்றோடு பட்டி. ஆகவே முதலில் முழங்கையில் முடித்து நூலை வெட்டாமல் ஊக்கில் மாட்டிவிட்டு, ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பாருங்கள். நீளம் போதவில்லை என்றால் பட்டியை மட்டும் பிரித்துத் தொடரலாம். நீளமாகத் தெரிந்தால் பிரிப்பதும் கீழிருந்துதான், மேலே எதையும் தொட வேண்டாம்.

கீழே விரியும் மணிக்கை ஆசை என்றால் முழங்கை வரை குறைக்காமல் வந்து, பிறகு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கூட்டுங்கள். பஃப் மாதிரி உப்பிய கைக்கு முதல் சுற்றிலேயே ஒன்றுவிட்டு ஒரு தையலில் இரண்டு போட்டு 84 ஆக்கி, நேராக வந்து, பட்டியில் ஒரேயடியாகச் சுருக்க வேண்டும். பருத்தியில் இந்த உப்பிய முழுக்கையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையின் எடை தோளைக் கீழே இழுத்து, நாலு துவையலில் கழுத்தே அகலமாகிவிடும். கம்பளியில் தாராளமாகப் போடலாம்.

பட்டிக்கு, உடம்புக்கு எடுத்த ஊசியைவிட முக்கால் அல்லது ஒரு மி.மீ. சின்னது. கழுத்துப் பட்டியைக் கடைசியாக வையுங்கள். முன்னும் பின்னும் ஒரே ஆழமாக இருப்பதால் முன்கழுத்து தொண்டையில் ஏறும். பட்டிக்கு முன்னால் பின்கழுத்திலும் இரண்டு தோள் மேலும் மட்டும் ஹாஃப் டபுளில் (டபுளைவிடக் குட்டையான தையல்) இரண்டு வரிசை போய் வாருங்கள், இரண்டாவதை இரு முனையிலும் நான்கு தையல் குறைவாக. பின்பக்கம் முக்கால் இன்ச் போல உயர்ந்து, முன்கழுத்து இறங்கி உட்காரும். அதன்மேல் சுற்றிலும் பட்டி.

மகளுடையதற்கு அவள் மார்பு, மேல்கை, ஆழம், மணிக்கட்டு, கை நீளம் என்ற ஐந்து அளவையும் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பளிக்குப் புதிய மாதிரித் துண்டு கட்டாயம், ஏனென்றால் உங்கள் பருத்தியின் எண் அதற்குப் பொருந்தாது. நான்கு இன்ச்சில் 18 தையல், 10 வரிசை என்று வந்தால் எட்டரை இன்ச் ஆழத்துக்கு 21 சுற்று கிடைக்கும், சிறப்புச் சுற்றுகள் ஐந்துக்குப் பதில் நான்கோ மூன்றோ போதுமாகலாம். பிரியும் இடத்து எண்களை எழுதிவிட்டு மேலே சொன்னபடி பின்னோக்கி வாருங்கள். எத்தனை சிறப்புச் சுற்று என்பது தானாகவே தெரிந்துவிடும்.