டிம்மா, பிரைட்டா? இரவு ஓட்டத்தில் ஹை பீம்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கம் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெட்லைட்டின் ஹை பீம் (தூரம் எட்டும் வெளிச்சம்), டிம் (கீழே இறங்கிய கிட்டத்து வெளிச்சம்) பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): சார், லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகுது. ராத்திரியில கார்ல புதுச்சேரி போகணும். எப்ப ஹை பீம் போடணும், எப்ப டிம் பண்ணணும்னு ஒரு கணக்கு சொல்லுங்க.

பதில்: தெருவிளக்கு இல்லை, எதிரே வண்டி இல்லை, முன்னால் போகிற வண்டியும் கிட்டத்தில் இல்லை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டுமே ஹை பீம். ஒன்று மாறினாலும் டிம்.

உங்கள் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணையாற்றுப் பாலம் வரை ஊர் வெளிச்சம் இருக்கிறது. பாலம் தாண்டினால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர்கள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். இடையில் வரும் இருட்டுத் துண்டுகளில், எதிரே ஆள் இல்லாத சில விநாடிகள்தான் ஹை பீமுக்கு வேலை. மீதி வழி முழுக்க டிம்மில்தான் போக வேண்டியிருக்கும். மரக்காணம் உப்பளப் பக்கம் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) நள்ளிரவில் போனால் கணக்கு தலைகீழ், அங்கே ஹை பீம் கட்டாயம் வேண்டும்.

எதிர் வண்டியின் வெளிச்சம் நேராகத் தெரிந்த உடனே டிம் செய்யுங்கள், கிட்டே வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு வண்டியும் 80 கி.மீ. வேகத்தில் வந்தால் விநாடிக்கு 44 மீட்டர் நெருங்குகின்றன. 200 மீட்டர் இடைவெளி நாலரை விநாடியில் தீர்ந்துவிடும். எதிர் வண்டி உங்கள் பக்கவாட்டுக்கு வந்ததும் திரும்ப ஹை பீம் போடலாம், அது பின்னால் போய் மறையும் வரை இருட்டில் ஓட்ட வேண்டியதில்லை.

டாஷ்போர்டில் நீல நிற விளக்கு எரிந்தால் ஹை பீம் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஊருக்குள் நுழையும்போது அதை ஒரு முறை பாருங்கள். ஹை பீமிலேயே ஊருக்குள் வருகிற பலர் வேண்டுமென்று செய்வதில்லை, அந்த நீல விளக்கைக் கவனிப்பதில்லை.

கேள்வி (பண்ருட்டி): அண்ணே, டிம் போட்டா ரோடே தெரியலையே. ஹை பீம் இல்லாம எப்படி ஓட்டுறது?

பதில்: வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். நிறையப் பேர் விட்டுவிடுகிற பாதி இதுதான். டிம் செய்வார்கள், ஆனால் ஆக்சிலரேட்டரில் கால் அப்படியே இருக்கும்.

காய்ந்த தார் ரோடு, நல்ல டயர், ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். வண்டி முழுதாக நிற்க 60 கி.மீ. வேகத்தில் சுமார் 45 மீட்டர், 80-இல் சுமார் 70 மீட்டர், 100-இல் நூறு மீட்டரை ஒட்டித் தேவைப்படும். சரியாக வைத்த கார் ஹெட்லைட்டின் டிம் வெளிச்சம் சுமார் 60, 65 மீட்டரில் தரையில் முடிந்துவிடும். அந்த ஓரத்தில் கறுப்புச் சட்டை போட்டு நடப்பவர் கண்ணுக்கே தெரிய மாட்டார், 40 மீட்டருக்குள் வந்தால்தான் தெரிவார். ஆக, டிம்மில் 80-இல் போகிறவர் தன் வெளிச்சத்தைத் தாண்டி ஓட்டுகிறார். விளக்கில்லாத ரோட்டில் டிம் போட்டால் 50, 55-க்கு இறங்குங்கள். எதிர் வண்டி கடந்ததும் ஹை பீம் போட்டு, கண் தெளிந்த பிறகு பழைய வேகத்துக்கு ஏறலாம்.

கேள்வி (காலாப்பட்டு): எதிர்ல வர்றவன் டிம் பண்ணவே மாட்டேங்கிறான். நாமளும் பதிலுக்குப் போட்டாதான் புத்தி வரும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. சரியா?

பதில்: கூடவே கூடாது. அப்படிச் செய்தால் பார்வை இல்லாத இரண்டு ஓட்டுநர்கள் எதிரெதிரே வருவார்கள். ஒரே ஒரு முறை பாசிங் லைட் அடித்து (ஹை பீமை ஒரு கணம் மின்னவிட்டு) ஞாபகப்படுத்துங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு கண்ணை எதிர் விளக்கிலிருந்து எடுத்து, ரோட்டின் இடது ஓர வெள்ளைக் கோட்டில் வையுங்கள். கோடு இல்லாத ரோட்டில் தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள், ஆனால் பிரேக்கைச் சட்டென்று அழுத்தாதீர்கள். பின்னால் வருகிறவருக்கும் அதே கூச்சம்தான், நீங்கள் நிற்பது அவருக்குத் தெரியாது. எதிர் வண்டி கடந்த பிறகும் கண் பழைய நிலைக்கு வரச் சில விநாடி பிடிக்கும். சைக்கிள்காரர் மேல் மோதிவிடும் ஆபத்து அந்தச் சில விநாடியில் உண்டு. வெளிச்சம் போனதும் வேகமெடுக்கக் கூடாது.

ஈசிஆர் ஓரம் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. கடல் காற்றில் வரும் உப்பு முன் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். பகலில் தெரியாது. எதிர் லைட் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பரவும். வெளிப்பக்கம் தினமும் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். உள்பக்கமும் பிசுக்குப் பிடிக்கும், அதை வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்துக் காய்ந்த துணியால் தேயுங்கள். எதிர் லைட் கூசுகிறது என்று வருகிற புகாரில் பாதிக்குக் காரணம் சொந்தக் கண்ணாடிதான் என்பது என் கருத்து.

கேள்வி (வில்லியனூர்): நடுவுல சென்டர் மீடியன் இருக்கிற நான்குவழிச் சாலையில டிம் பண்ணணுமா?

பதில்: மீடியனில் அரளி ஆளுயரத்துக்கு அடர்ந்து வளர்ந்து, எதிர் விளக்கு உங்களுக்குத் தெரியாத இடத்தில் தேவையில்லை. செடி பட்டுப்போன இடத்திலும் பாலத்தின் மேலும் டிம் செய்யுங்கள். லாரி, பஸ் ஓட்டுநர்கள் செடிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் கண்ணுக்கு உங்கள் ஹை பீம் எட்டும். உங்கள் பக்கமே முன்னால் போகும் வண்டிக்கும் இது பொருந்தும், அவருடைய மூன்று கண்ணாடிகளிலும் உங்கள் வெளிச்சம்தான் இருக்கும். ஓவர்டேக் செய்யும்போது ஒரு பாசிங் அடியுங்கள், டிம்மிலேயே ஏறுங்கள், அவர் கதவுக்கு நேராக வந்ததும் ஹை பீம் போடுங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): கரும்பு சீசன்ல டிராக்டர் டிரெய்லர் பின்னாடி லைட்டே இல்லாம போகுது. இந்த ரோட்லயும் டிம்மா?

பதில்: நியாயமான பயம். கரும்புக் கட்டு டிரெய்லரை விட அகலமாகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், தோகை பின்னால் தொங்கி ரிஃப்ளெக்டரையும் மறைத்துவிடும். காய்ந்த தோகையின் நிறமும் மண் ஓரத்தின் நிறமும் ஒன்றுபோலவே இருப்பதால் டிம்மில் கடைசி நேரத்தில்தான் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் ஹை பீம் போட்டு ஓட்ட வேண்டிய ரோடு இது. எதிரே வண்டி வந்து டிம் செய்யும்போது, ஹை பீமில் கடைசியாகப் பார்த்த தூரம் வரைதான் பாதை காலி என்று நம்பலாம். அதற்குள் வேகம் 40-க்கு வந்துவிட வேண்டும்.

எதிரே ஒற்றை விளக்கு வந்தால் பைக் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பக்க விளக்கு போன டிராக்டராகவும் இருக்கலாம். முழு அகலத்துக்கு இடம் விடுங்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு: சிவப்பு ரிஃப்ளெக்டிவ் டேப்பை டிரெய்லர் சட்டத்தில் ஒட்டினால் தோகைக்குள் போய்விடும். ஒரு மட்டையில் ஒட்டி, லோடு ஏற்றிய பிறகு கட்டின் மேல் தொங்கவிடுங்கள்.

கேள்வி (நெய்வேலி): மார்கழிப் பனியில ஹை பீம் போட்டா நல்லா தெரியுமா?

பதில்: மோசமாகும். பனித்துளியில் பட்ட வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னால் வெள்ளைத் திரை நிற்கும். டிம், ஃபாக் லேம்ப் இருந்தால் அதுவும், குறைந்த வேகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் இதே பதில்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது ஹசார்டு லைட் (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போடாதீர்கள், திரும்புவதைக் காட்ட இண்டிகேட்டர் வேலை செய்யாது.

கேள்வி (முத்தியால்பேட்டை): சார், என் பழைய கார்ல வெளிச்சம் பத்தலை. எல்இடி பல்பு மாத்தலாமா, இல்ல 100/90 வாட் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

உங்கள் காரில் இருப்பது எச்4 பல்பு, 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, டிம்முக்கு 55. உள்ளே இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கி இறங்குவதற்காக அது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அமைப்பு கெடும். கடையில் விற்கும் எல்இடி பல்பில் இழை இருக்க வேண்டிய இடத்தில் தட்டையான சிப் இருக்கிறது. டிம்மிலேயே வெளிச்சம் மேலே சிதறும், எதிரே வருகிறவருக்கு நீங்கள் எப்போதும் ஹை பீமில் வருவதாகத் தெரியும். உங்களுக்கும் லாபமில்லை. பானெட் முன்னால் பளிச்சென்று இருப்பதால் கண்மணி சுருங்கி, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும்.

100 வாட் பல்பு 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கம்பெனி வயரும் சுவிட்சும் 5 ஆம்பியருக்குச் செய்தவை. ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் பூச்சு கருகும்.

இந்த வரிசையில் செய்து பாருங்கள். முதலில் லென்ஸ். மஞ்சளித்த பிளாஸ்டிக் லென்ஸை 1000, 2000, 3000 கிரிட் நீர்த்தாளால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயிலிலிருந்து காக்கும் யூவி கோட்டிங் அடிக்க வேண்டும். கோட்டிங்கை விட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளிக்கும். அடுத்து, விளக்கு எரியும்போது பல்பு ஹோல்டரில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியை விட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராக மின்சாரம் கொண்டுவரும் ரிலே வயரிங் போடுங்கள். வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பிறகு நல்ல கம்பெனி 60/55 புது பல்பு, இரு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். அநேகமாக இத்தோடு தீர்ந்துவிடும்.

கேள்வி (செம்மண்டலம்): என் பைக்ல டிம்தான் போடுறேன். இருந்தும் எதிர்ல வர்றவங்க பாசிங் அடிக்கிறாங்க. ஏன்?

பதில்: பின்னால் ஆள் உட்காருகிறாரா? பின் பக்கம் தணிந்து முன்விளக்கு மேலே தூக்கும். ஹெட்லைட்டுக்குக் கீழேயோ பக்கத்திலோ ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் போல்ட் இருக்கும். வழக்கமாக எத்தனை பேர் போவீர்களோ, அத்தனை பேரும் உட்கார்ந்த நிலையில் அதை இறக்கி வையுங்கள். பின் ஷாக்கையும் ஒரு படி கெட்டியாக்குங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் விளக்கு எப்போதும் எரிவதால், தவறான உயரம் இருந்தால் பகலிலும் பிறருக்குத் தொல்லைதான்.

கேள்வி (ரெட்டியார்பாளையம்): கார் ஹெட்லைட் உயரம் சரியான்னு வீட்லயே பாக்க முடியுமா?

பதில்: முடியும். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் லெவலிங் சுவிட்ச் 0-இல் இருக்கட்டும். சமதரையில் சுவருக்கு நேராக, விளக்குக்கும் சுவருக்கும் சரியாக 5 மீட்டர் இருக்கும்படி நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். அதற்கு 5 செ.மீ. கீழே இன்னொரு டேப்.

டிம் போட்டு, ஒரு விளக்கைத் துணியால் மறையுங்கள், சூடேறுவதற்குள் எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலது பக்கம் தட்டையாகக் கீழ் டேப்பில் நிற்க வேண்டும். இடது பக்கம் அது சற்று மேலே ஏறும், நடைபாதையும் பலகைகளும் தெரிவதற்காக. விளிம்பு மேல் டேப்பைத் தாண்டினால் எதிரே வருகிறவர் கண் கூசும். மேல் டேப்புக்கு 10 செ.மீ. கீழே இறங்கியிருந்தால் உங்கள் டிம் வெளிச்சம் பாதித் தூரத்தில் முடிந்துவிடும், 'டிம்மில் ரோடே தெரியவில்லை' என்பதற்கு இதுவும் காரணம். விளக்கின் பின்பக்க ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். பின் சீட்டில் ஆளும் டிக்கியில் சாமானும் ஏறினால் லெவலிங் சுவிட்சை 2 அல்லது 3-க்கு மாற்றுங்கள், எண் கூடக் கூட வெளிச்சம் இறங்கும்.

கேள்வி (சிதம்பரம்): இதுக்கெல்லாம் ஃபைன் உண்டா?

பதில்: உண்டு. 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவில் 500 முதல் 1000 ரூபாய் வரை.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): புது கார்ல ஆட்டோ ஹை பீம் இருக்கு. அதை நம்பலாமா?

பதில்: கேமரா எதிர் விளக்கையும் முன்வண்டியின் சிவப்பு விளக்கையும் பார்த்துத்தான் டிம் செய்கிறது. விளக்கில்லாத சைக்கிள்காரரும், நடந்து வருகிறவரும், வடலூர் ரோட்டில் பின்விளக்கு போன டிராக்டரும் அதற்குத் தெரியாது. மேட்டின் மறுபக்கம் ஏறி வரும் லாரிக்கும் தாமதமாகத்தான் டிம் செய்யும். விளக்கில்லாத கிராமத்து ரோட்டில் ஆட்டோவை அணைத்து, லீவரை உங்கள் விரலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான்குவழிச் சாலையில் போட்டுக்கொள்ளலாம்.