ரசிகர் ஓட்டில் ஒருவருக்கே குவிந்தால் என்ன செய்வது?

உங்கள் ஹாக்கி கிளப்பின் 'பிடித்த வீரர்' ஓட்டெடுப்பில், பாதி ஆட்டம் பெஞ்சில் இருந்தவருக்கே ஓட்டு குவிகிறது, ரத்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சொந்தபந்தத்தைத் திரட்டி ஓட்டு வாங்குவது கள்ள ஓட்டு ஆகாது. ஒரே ஆள் பல முறை போட்டிருந்தால் அதை மட்டும் கழித்துவிடுங்கள். நடுவில் விதியை மாற்றினால் ஜெயிக்கிற பையனுக்குத்தான் அவமானம்.

சர்வதேச ஹாக்கி சம்மேளனத்துக்கே இந்தத் தலைவலி உண்டு. 2021 விருதுகளில் ஓட்டு மதிப்பைத் தேசிய சங்கங்களுக்கு 50 சதவீதம், ஊடகங்களுக்கு 25, ரசிகர்களுக்கும் வீரர்களுக்கும் சேர்த்து 25 என்றுதான் பிரித்திருந்தார்கள். அப்படியும் எட்டு விருதும் இந்தியாவுக்கே வந்தன. ஆண்கள் கோல்கீப்பர் விருது ஸ்ரீஜேஷுக்கு. (அவருக்குக் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை!) டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கித் தங்கம் வென்ற பெல்ஜியத்துக்கு ஒன்றுகூட இல்லை. அவர்கள் வெளிப்படையாகவே குமுறினார்கள்.

அதனால் சதவீதக் கணக்கை நம்பி மட்டும் இறங்காதீர்கள். அடுத்த சீசனில் இரண்டு பரிசு வையுங்கள்: 'ரசிகர்களின் செல்லம்' முழுக்க ஓட்டுக்கு, 'சிறந்த வீரர்' பயிற்சியாளரும் அணியினரும் சேர்ந்து முடிவு செய்வது. அப்புறம், ஒரு போன் நம்பருக்கு ஒரு ஓட்டு என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.