ஆபரேஷன் முடிந்தும் அசைய முடியவில்லை, ஏன்?

கேள்வி: அப்பெண்டிக்ஸ் முற்றிப்போய் என் தங்கைக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்தார்கள். சீக்கிரமே முடிந்துவிட்டது, ஆனால் விடியும்வரை அவளுக்குத் தானாக மூச்சு வரவில்லை, வென்டிலேட்டரில்தான் வைத்திருந்தார்கள். "நீங்க பேசினது காதில் விழுந்தது அக்கா, இமையைக்கூடத் தூக்க முடியலை" என்கிறாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்கோலின் ஆப்னியா' என்று இருக்கிறது. மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட்டார்களா? அடுத்த மாதம் என் மகனுக்கு டான்சில் ஆபரேஷன். நான் கட்டியிருப்பது அத்தை மகனை. பயமாக இருக்கிறது டாக்டர்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மருந்தின் அளவு கூடியதால் இப்படி ஆகவில்லை அம்மா. அவசர ஆபரேஷனில் மூச்சுக்குழாய்க்குள் டியூப்பை வேகமாக இறக்க வேண்டும், அதற்காகத் தசைகளைத் தளரவைக்கப் போடும் ஊசிதான் ஸ்கோலின். ஆப்னியா என்றால் மூச்சு நின்றுபோவது. ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும், பெரும்பாலானவர்களுக்கு 5 முதல் 10 நிமிடத்தில் விட்டுவிடும், ஏனென்றால் கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் ஓடும் சூடோகோலினெஸ்டிரேஸ் என்ற நொதி அதை உடைத்துப்போடுகிறது. அந்த நொதி பிறவியிலேயே சரியில்லாதவர்களுக்கு அதே ஊசி மணிக்கணக்கில் நிற்கும். மற்ற நாட்களில் இந்தக் குறை எந்தத் தொந்தரவும் தராது, அதனால் ஊசி போடும்வரை யாருக்கும் தெரியாது.

வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தது சரியான சிகிச்சை. ஆனால் இந்த ஊசி தசையைத்தான் கட்டும், நினைவை அல்ல. தசை திரும்பும்வரை தூக்க மருந்து தொடர்ந்து ஓட வேண்டும். உங்கள் தங்கைக்கு நடுவில் நினைவு வந்திருக்கிறது. அது மிகக் கொடுமையான அனுபவம், பிரமை என்று தயவுசெய்து ஒதுக்காதீர்கள். தூக்கம் கெட்டாலோ கனவில் வந்தாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சரி, உங்கள் மகன். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த அளவுக்குப் போகும். கூடப் பிறந்தவர்களுக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுகிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைசிய சமூகத்தினரிடம் இந்த நொதி அறவே வேலை செய்யாத வகையைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். சமூகத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எந்தக் குடும்பமும் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள், உங்கள் மகன், கூடப் பிறந்த மற்றவர்கள் எல்லோரும் இந்த நொதியின் அளவைக் காட்டும் 'சீரம் கோலினெஸ்டிரேஸ்' ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பூச்சிமருந்து தெளிப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதனாலும் அளவு இறங்கும்.

டான்சில் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சம்மரியின் நகலை சர்ஜனிடம் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள், மயக்கவியல் மருத்துவரை நேரில் பார்த்துக் காட்டுங்கள். ஸ்கோலினுக்குப் பதில் ரோக்குரோனியம் போடலாம், அதை முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது. தங்கையின் பர்ஸில் 'ஸ்கோலின், மிவாகுரியம் கூடாது' என்று எழுதிய அட்டை இப்போதே இருக்கட்டும், மிவாகுரியமும் இதே நொதி உடைக்க வேண்டிய தசைத்தளர்வு ஊசிதான்.