பழைய காரின் குரோமில் விழுந்த குழிகள் அலுமினியத் தாளில் தேய்த்தால் போய்விடுமா?

போகாது. துரு போகும், குழி அப்படியே இருக்கும்.

இதற்குள் ஒருமுறை தேய்த்துப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாலடி தள்ளி நின்றால் பளபளவென்று இருக்கும். கிட்டே குனிந்தால் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். உங்கள் கையில் குறையில்லை. குரோம் துருப்பிடிக்கிற உலோகமே இல்லை. காரின் அலங்காரக் குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. அதற்கு அடியில் நிக்கல், பல பாகங்களில் அதற்கும் அடியில் செம்பு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வழியாக ஈரமும் உப்பும் இறங்கி, அடி உலோகத்தை அரிக்கின்றன. அந்தத் துரு மேலே வருகிறது. நீங்கள் பார்க்கிற புள்ளி அழுக்கு அல்ல, ஓட்டை. தேய்த்து ஓட்டையை மூட முடியாது.

இதை நான் அப்பாவின் காரில் கற்றுக்கொண்டேன். 1964ஆம் வருட வண்டி. முதலில் பம்பரைக் கழற்றி, அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். பழுப்பெல்லாம் கரைந்து, நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. அந்தத் தைரியத்தில் பின்விளக்குக் கூடுகள் இரண்டையும் ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப் போட்டேன். காலையில் தண்ணீர் கலங்கிப்போய், விளிம்பெல்லாம் நுரைத்திருந்தது. வெளியே எடுத்து நகத்தால் தொட்டதும் குரோம் தோல் மாதிரி உரிந்து விரலோடு வந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று ஏதோ இருந்தது. அது இரும்பு இல்லை, துத்தநாக வார்ப்பு. துத்தநாகத்தை வினிகர் மாதிரி லேசான அமிலம்கூடத் தின்றுவிடும். வீடியோக்களில் எல்லாரும் பம்பரைத்தான் காட்டுகிறார்கள், விளக்குக் கூட்டை யாரும் காட்டுவதில்லை. அந்தக் கூடுகளை அப்பா ஞாயிறுதோறும் தன் கையால் துடைப்பார். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

அதனால் முதலில் ஒரு காந்தத்தை எடுங்கள். பாகத்தைக் கழற்றிப் பின்பக்கமும் பாருங்கள். காந்தம் கெட்டியாக ஒட்டி, பின்னால் பழுப்புத் துரு இருந்தால் இரும்பு. ஒட்டாமல், கையில் கனமாக, கொப்புளமும் வெள்ளைப் பொடியுமாக இருந்தால் துத்தநாகம். மெல்லிய தகடாக, லேசாக இருந்தால் அது குரோமே இல்லாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். ஸ்டெயின்லெஸ் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆழமில்லாத குழிகளை 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, படிப்படியாக 1500 வரை போய், பஃபிங் சக்கரத்தில் முடித்தால் முகம் பார்க்கலாம். முலாமே தேவையில்லை.

நான் முலாம் தொழில் படித்தவன் இல்லை. பட்டறைக்காரர் யாராவது இதைப் படித்தால் திருத்தட்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டு பட்டறைகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முதல் இடத்தில் அந்தக் கூடுகளில் குழிகளின் மேலேயே முலாம் பூசிக் கொடுத்தார்கள். மேற்பரப்பு மின்னியதும் ஒவ்வொரு குழியும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கூர்மையான விளிம்பையும் பாலிஷ் போட்டே மழுக்கிவிட்டார்கள்.

இரண்டாவது இடத்தில் இருந்தவர் பழைய முலாமை எடுத்தார். ஒவ்வொரு குழியையும் சுத்தமான உலோகம் தெரியும்வரை சிறு கருவியால் சுரண்டினார். அப்புறம் மெல்லிய செம்பு, அதன் மேல் கனமான செம்பு. தேய்த்துப் பார்த்து, பள்ளம் இருந்தால் மறுபடியும் செம்பு. இப்படி மூன்று சுற்று. அதற்குப் பிறகுதான் நிக்கலும் குரோமும். ஐந்து மாதம் ஆயிற்று. பளபளப்பைத் தருவது குரோம் என்று நினைக்கிறோம், குழியை நிரப்புவது செம்புதான். ஆகவே பாகத்தைக் கொடுக்கும் முன் "குழியை எப்படி நிரப்புவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பாகத்தோடு திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த வேலையை வீட்டில் செய்யப் பார்க்காதீர்கள். வழக்கமான குரோம் தொட்டியில் இருக்கிற ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. வீட்டில் செய்யக்கூடியது, இரும்பில் லேசான துருவை எடுத்துவிட்டு, நன்றாக உலர்த்தி, உடனே மெழுகு பூசுவது. குழி இருக்கும், ஆனால் சீக்கிரம் வளராது. "பழசு பழசாகவே இருக்கட்டும்" என்கிறவர்களுக்கும் இதுவே போதும், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

எனக்கு வருத்தம் வேறு ஆட்கள் மேல். பழைய கார் என்றால் கேட்காமலே சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெல்ட் பக்கிள் உரசுவதை யாரும் கவனிப்பதில்லை. சொன்னால் "பழைய வண்டிதானே" என்கிறார்கள். ஐந்து மாதம் காத்திருந்தவனிடம் அதைச் சொல்லலாமா? என் இடது கதவுப் பட்டையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்தது அப்படித்தான். அது ஸ்டெயின்லெஸ் பட்டை என்பதால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தேய்த்து எடுத்துவிட்டேன். அதுவே விளக்குக் கூட்டில் பட்டிருந்தால் மறுபடி பட்டறைக்குத்தான் போயிருக்க வேண்டும்.