உலர்ந்ததும் வறண்டதும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாந்தலேயில் பயறு, மிளகாய் வற்றல் வியாபாரம் செய்கிறேன். எல்லை ஊரான முசே வழியாகச் சீனாவின் யுன்னானுக்குப் போகும் சரக்கின் தாள்களில் ட்ரை, ட்ரைடு, டீஹைட்ரேட்டட், டெசிக்கேட்டட் என்று ஆளுக்கு ஒரு சொல்லை எழுதுகிறார்கள். எது எதற்குப் பொருந்தும்? இவற்றைச் சீனத்தில் எப்படிச் சொல்வது?
(மாந்தலே வாசகர்)

பதில்: நான்கும் ஈரமின்மையையே குறித்தாலும், அந்த ஈரம் எவ்வாறு நீங்கியது என்பதில் அவை பிரிகின்றன. ட்ரை என்பது இப்போதுள்ள நிலையை மட்டும் சொல்லும். ட்ரைடு என்றால், ஈரமாக இருந்த பொருளை நாம் காயவைத்தோம் என்பது பொருள். ஆகவே செடியிலேயே முற்றிக் காய்ந்த பின் அறுவடையாகும் உளுந்துக்கும் துவரைக்கும் ட்ரை என்பதே சரி. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலர்ந்த மணிக்காக மட்டுமே அறுக்கப்படும் பயிர்களைப் பருப்பு வகையில் சேர்த்து, பச்சையாகப் பறிக்கும் பட்டாணியைக் காய்கறிக் கணக்கில் வைக்கிறது. களத்தில் பரப்பிக் காயவைக்கும் மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் ட்ரைடு என்று எழுதுங்கள். சூடான காற்றைச் செலுத்தி எந்திரத்தில் நீரை எடுத்த வெங்காயச் சீவல், பூண்டுச் சீவல் போன்றவற்றுக்கு டீஹைட்ரேட்டட் பொருந்தும். டெசிக்கேட்டட் கடைச்சரக்கில் பெரும்பாலும் தேங்காய்த் துருவலோடு மட்டுமே வரும்.

சீனத்தில் ட்ரை, ட்ரைடு இரண்டுக்கும் கான் என்ற ஒரே சொல் போதும். ஆனால் அது நிற்கும் இடம் மாறும்: மிளகாய் வற்றலில் முன்னால் வந்து கான்லாச்சியாவ் என்றாகும், கருவாட்டில் பின்னால் வந்து யூகான் என்றும், உலர்ந்த திராட்சையில் பூதாவ்கான் என்றும் ஆகும். டீஹைட்ரேட்டட் என்பதற்குத் துவோஷ்வே, அதாவது நீர் நீங்குதல். சலவை எந்திரத்தில் துணியைப் பிழியும் பொத்தானிலும், வயிற்றுப்போக்கில் உடல் நீரை இழக்கும்போது மருத்துவர் சொல்வதிலும் இதே சொல்தான். பொட்டலத்துக்குள் போடும் ஈர உறிஞ்சிக்குக் கான்த்சாவ்ஜி என்று பெயர்.

ஓர் எச்சரிக்கை. சீன நாட்டின் இன்றைய எளிய எழுத்தில், உலர்ந்தது என்ற கானும் இறங்கும் தொனியில் சொல்லும் 'செய்தல்' என்ற கானும் ஒரே வடிவம் உடையவை. பழைய எழுத்தில் அவை வேறு வேறு. இவ்விரண்டையும் குழப்பும் எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே முகப்புச்சீட்டில் அச்சிட்டுச் சிரிப்புக்கு இடமானவர்கள் உண்டு என்பதால், சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: பகான் பகுதியைப் பற்றிய கட்டுரையில் என் மகள் ஏரிட் என்று எழுதினாள், ஆசிரியர் திருத்திவிட்டார். பார்ச்டு என்று எழுதலாமா?
(மோல்மேன் வாசகி)

பதில்: ஆசிரியர் திருத்தியது முறையே. ஏரிட் என்பது வறண்ட நிலத்தைக் குறிக்கும் தட்பவெப்பக் கலைச்சொல். ஓராண்டு மழையை, அங்கே ஆவியாகக்கூடிய நீரின் அளவால் வகுத்து, விடை 0.2க்குக் கீழே இருந்தால்தான் ஒரு நிலம் ஏரிட், 0.2 முதல் 0.5 வரை இருந்தால் செமி ஏரிட். அரக்கான் யோமா மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றை மறிப்பதால் கடற்கரையில் கொட்டும் மழையில் சிறு பங்கே பகானுக்குக் கிடைத்தாலும், அது இரண்டாம் வகையில்தான் அடங்கும். சீனத்தில் ஏரிட் கான்ஹான். செமி ஏரிட் பான்கான்ஹான்.

பார்ச்டு அளவுச்சொல் அன்று. வெயிலில் வெடித்த வயலுக்கும் தண்ணீருக்கு ஏங்கும் தொண்டைக்கும் அது பொதுவானது. சீனர் இங்கே பிரித்துவிடுவார்கள்: நிலத்துக்குக் கான்ஹான், தொண்டைக்குக் கான்கெ. பட்டுப்போன மரத்துக்கு ஆங்கிலத்தில் விதர்டு, சீனத்தில் கான்கூ. எழுத்தைப் பார்த்தால் இந்தப் பிரிவு எளிதில் மனத்தில் நிற்கும்: ஹான் எழுத்தின் தலையில் சூரியன், கெ எழுத்தின் இடப்புறம் மூன்று நீர்த்துளி, கூ எழுத்தில் மரம், ஈர உறிஞ்சியின் பெயரில் வந்த த்சாவ் எழுத்தில் நெருப்பு. தமிழர்க்கு இது புதிதும் அன்று. வயல் வறளும், நா வறளும், குளம் வற்றும், இலை சருகாகும். நாம் எந்தப் பொருளுக்கு எந்த வினை என்று இடம் மாற்றிச் சொல்வதில்லை. மகள் ஆங்கிலச் சொல்லைத் தேடுமுன் தமிழில் எந்த வினை வருகிறது என்று பார்க்கட்டும்.

கேள்வி: திரவமான திராட்சை மதுவை ட்ரை என்பது எப்படி?
(ரங்கூன் வாசகர்)

பதில்: இனிப்பு ஏறக்குறைய இல்லை என்பதே அங்கு பொருள், சீனரும் அதையே பின்பற்றிக் கான் என்கிறார்கள். விருந்தில் அவர்கள் சொல்லும் கான்பேய் வேறு. அது கோப்பையைக் காலி செய்யச் சொல்வது. முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்லும் நகைச்சுவையை ஆங்கிலேயர் ட்ரை என்பர். சீனத்தில் அதற்குக் கான் உதவாது, குளிர்ந்தது என்று பொருள்படும் லெங் வேண்டும். நம் 'வறட்டு' கௌரவத்துக்கும் பிடிவாதத்துக்கும்தான் சேரும்.