முடிச்சருகே அறுந்துபோகும் தூண்டில் நரம்பு

முடிச்சை மாற்ற வேண்டாம், நரம்பை மாற்றுங்கள். சென்ற ஆண்டு ரீலில் சுற்றி, காரைக்குடி வீட்டு முற்றத்தில் சாத்திவைத்த நைலான் நரம்பு இப்போது விரால் இழுத்தவுடன் முடிச்சருகே அறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முற்றத்து வெயில்தான் காரணமாக இருக்கக்கூடும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நைலானை உள்ளுக்குள் நலிவடையச் செய்கின்றன, அதன் பலவீனம் முடிச்சில்தான் முதலில் தெரியும்.

புது நரம்பு வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மேல்சுற்றிலிருந்து இரண்டு முழமும், வெயில் படாத உள்சுற்றிலிருந்து இரண்டு முழமும் வெட்டி, ஒரே முடிச்சை இரண்டிலும் போட்டு, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்கிய பின் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்துப் பாருங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நல்ல நரம்பும் சுருண்டு, வெளுத்து, வலுவிழந்துவிடும். உள்சுற்று மட்டும் தாங்கினால் மேல்பகுதியை மட்டும் நீக்கினால் போதும்.

இரண்டுமே தாங்கினால் கோலின் வளையங்களுக்குள் பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சிழை சிக்கும் இடத்தில் நரம்பை உராயும் கீறல் இருக்கிறது.

வெட்டிய நரம்பைக் கண்மாய்க் கரையில் போட்டுவிடாதீர்கள். கொக்கின் காலில் சுற்றிக்கொண்டால் அது பறக்க முடியாமல் சாகும். கண்மாய் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரிடம் கேட்ட பிறகே தூண்டில் போடுங்கள்.