யாருக்கு யார் சொந்தம்? உயிரினங்களின் உறவுமுறை: கேள்வி பதில்

கேள்வி: சார், சுறாவும் டால்பினும் பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி. ஆனால் டால்பினுக்குச் சுறாவைவிட வௌவால்தான் நெருங்கிய சொந்தம் என்கிறார்கள். அப்போது ஒற்றுமையை வைத்து உறவு சொல்வதே தப்பா?

பதில்: ஒற்றுமை வேண்டும். எந்த ஒற்றுமை என்பதில்தான் விஷயம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போக வேண்டிய உடம்பு, எந்தக் குலத்தில் பிறந்தாலும் கடைசியில் அந்த வடிவத்துக்குத்தான் வந்து சேரும். அதை உறவுக்குச் சாட்சியாக எடுப்பதில்லை. உள்ளே பாருங்கள். டால்பினின் துடுப்புக்குள் மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கையில் உள்ள அதே வரிசை. வௌவால் இறக்கையிலும் அதுதான். சுறாவுக்கோ எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு.

கேள்வி: முதலை பல்லிக்குச் சொந்தமா, பறவைக்கா?

பதில்: பறவைக்கு. செதிலும் நாலு காலும் பல்லியோடுதானே ஒத்துப்போகின்றன என்பீர்கள். அவை இந்த மூன்றுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்தே வந்தவை. பழைய பண்பு எத்தனை பேரிடம் மிஞ்சியிருந்தாலும் அது நெருக்கத்தைக் காட்டாது. ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி, அதன் வாரிசுகளிடம் மட்டும் இருப்பதுதான் கணக்கில் சேரும். ஜெர்மன் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950-ல் இதை ஒரு முறையாகவே வகுத்தார். இந்தத் துறையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

கேள்வி: ஐயா, எது பழசு, எது புதுசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிஎன்ஏ-வில் தேதி போட்டிருக்காதே!

பதில்: நல்ல கேள்வி. சற்றுத் தள்ளிய உறவு ஒன்றைக் கூட்டி வருவார்கள். புறக்குழு என்று பெயர். டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளின் வரிசை. ஒரு மரபணுவின் குறிப்பிட்ட இடத்தில் மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் 'ஜி', கொரில்லாவுக்கு 'ஏ' என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒராங்குட்டானைப் பாருங்கள். அதிலும் 'ஏ' என்றால் 'ஜி' புதுசு. மனிதனும் சிம்பன்சியும் ஒரே கிளை என்பதற்கு ஒரு சாட்சி. ஒராங்குட்டானில் 'ஜி' இருந்தால், மாறியது கொரில்லா மட்டும். அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. இப்படி ஆயிரக்கணக்கான இடங்களைப் பார்க்க வேண்டும். யார் எந்தக் கிளையிலிருந்து பிரிந்தார்கள் என்று காட்டும் உறவு மரத்தை வெறும் 10 இனங்களுக்கே 3,44,59,425 விதமாக வரையலாம் என்பதால் வேலை கணினிக்குப் போய்விடுகிறது.

கேள்வி: திமிங்கிலத்துக்கு நீர்யானை சொந்தம் என்பதை நம்பவே முடியவில்லை. அவ்வளவு உறுதியா?

பதில்: உறுதிதான். எனக்கு மிகப் பிடித்த வழக்கும் இதுதான். மரபணுத்தொகுதியில், அதாவது ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ-வில், தாவும் துணுக்குகள் உண்டு. தன்னைத்தானே நகலெடுத்துப் புதிய இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். செருகிய பின் தடயமில்லாமல் வெளியேறுவது அபூர்வம். இரண்டு இனங்களில் தனித்தனியாக அதே இடத்தில் வந்து விழுவதும் அபூர்வம். 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடியபோது, திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் அதே இடங்களில் அதே துணுக்குகள் இருந்தன. மாட்டிலும் பன்றியிலும் அந்த இடங்கள் காலி.

எலும்பு ஆய்வாளர்கள் பலர் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. 2001-ல் பாகிஸ்தானில் கிடைத்த, காலோடு இருந்த பழங்காலத் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு வெளியானது. இரண்டு முனையிலும் கப்பி போன்ற வடிவம். மாடு, மான், பன்றி, நீர்யானை போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய அமைப்பு அது. அதன் பிறகு எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

கேள்வி: ஒரு மரபணு ஒரு மரத்தையும் இன்னொன்று வேறு மரத்தையும் காட்டினால்?

பதில்: காட்டத்தான் செய்யும். காதில் வேலை செய்யும் பிரெஸ்டின் என்ற புரதத்தை மட்டும் வைத்து மரம் போட்டால், எதிரொலியில் வழி கண்டுபிடிக்கும் டால்பினும் வௌவாலும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துவிடும். ஒரே வேலை, ஒரே மாதிரி மாற்றங்கள். மூலக்கூறும் ஏமாற்றும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2012-ல் கொரில்லாவின் மரபணுத்தொகுதி வெளியானபோது, அதில் சுமார் 30 சதவீதப் பகுதிகளில் மனிதனும் சிம்பன்சியும் ஒன்றுக்கொன்று இருப்பதைவிட, இரண்டில் ஒன்று கொரில்லாவுக்கு நெருக்கமாக இருந்தது. மூதாதைக் கூட்டத்தில் ஒரே மரபணுவுக்குப் புழங்கிய பல வடிவங்கள், கிளைகள் அடுத்தடுத்துச் சீக்கிரம் பிரிந்ததால் தாறுமாறாகப் பங்காகிவிட்டன. ஒற்றை மரபணுவை வைத்து யாராவது தீர்ப்புச் சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

கேள்வி: டைனோசர் டிஎன்ஏ கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இதுவரை விஞ்ஞானிகள் படித்தெடுத்த டிஎன்ஏ-வில் மிகப் பழையவை சுமார் 20 லட்சம் ஆண்டுகள் பழைய துணுக்குகள், கிரீன்லாந்து உறைமண்ணிலிருந்து. பறவைகள் தவிர மற்ற டைனோசர்கள் போய் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அங்கே எலும்புதான் கதி.

கேள்வி: மரப் படங்களில் கிளை பிரியும் இடத்தில் 98, 100 என்று எண் போட்டிருக்கிறார்கள். அத்தனை சதவீதம் உண்மை என்று அர்த்தமா?

பதில்: இல்லை. பெரும்பாலும் அது 1985-ல் ஜோசப் ஃபெல்சென்ஸ்டைன் கொண்டுவந்த பூட்ஸ்ட்ராப் கணக்கு. கையில் உள்ள தரவிலிருந்தே இடங்களைக் குலுக்கல் முறையில் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக மரம் போடுவார்கள். 100-க்கு 98 தடவை அந்தக் கிளை வந்தால் 98. தரவு ஒரே பேச்சு பேசுகிறதா என்பதைத்தான் இது சொல்லும். தரவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தப்பான கிளைக்கும் 100 விழும்.